வடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

மிதவை மேடை
பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே பதினான்கு பேரும் நலம், எட்டு வடங்களும் நலம். அங்கே நீ, அம்மா, அம்மாவின் முழங்கால் மூவரும் நலமா?

போனில் பேசினால் என்ன குறைந்தா போய்விடுவாள் என்று அம்மா கேட்டாளாமே. இங்கே இருப்பது ஒரே ஒரு தொலைபேசி, அதுவும் வேலைக்கு மட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வியாழக்கிழமை வரும் சரக்குப் படகுதான் நமக்குத் தபால்காரர். அரை மணி நேரம் நிற்கும். அது உன் கடிதத்தைப் பிரித்துப் படிக்கவே போதாது, ஆகவே என் பதில் அடுத்த படகில்தான் வரும்.

அம்மாவுக்குப் படித்துக் காட்ட: நான் இருப்பது கப்பல் இல்லை. காற்றாலைகளின் மின்சாரத்தை எல்லாம் திரட்டிக் கரைக்கு அனுப்புகிற மிதக்கும் மேடை. கடலடி நங்கூரங்களிலிருந்து எட்டு நைலான் வடங்கள் எங்களைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, ஒவ்வொன்றும் உன் இடுப்புப் பருமன். (அக்கா, என் இடுப்பு என்று மாற்றிப் படி, அம்மா நம்புவாள்.) அவை தளர்ந்தால் வின்ச் உருளையில் சுற்றி இறுக்குவதும், அதிகம் இறுகினால் விடுவதும் என் வேலை. ஜூலையோடு ஒரு வருஷம் முடிகிறது. முடித்துவிட்டால் வடப் பொறுப்பாளர் நான்தான் என்று மேடைத் தலைவர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

உன் மையம் கொடுத்த சான்றிதழைச் சாப்பாட்டு அறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். "இவ்வகை வடம் பத்துக் காற்றுக்காலம் தாங்கும்." கீழே உன் கையெழுத்து. தினமும் காலையில் அதற்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் தட்டை எடுக்கிறேன். சமையல்காரர் என்னைப் பைத்தியம் என்கிறார்.

உன் வாலு

—

ஆய்வு மையம்
பிப்ரவரி 18

என் அருமை வாலுக்கு,

நானும் அம்மாவும் சௌக்கியம். முழங்கால் தனியாகக் கடிதம் எழுதும் போலிருக்கிறது, அவ்வளவு சொல்ல இருக்கிறது அதற்கு.

மே மாதம் இங்கே ஒரு குழு வருகிறது. எங்கள் மண்டல மையத்துக்குச் செயற்கை அலை எழுப்பும் புதிய அலைத்தொட்டி கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்ப்பார்களாம். இயக்குநர் கதவுக்கெல்லாம் வண்ணம் அடிக்கச் சொல்லிவிட்டார். என் பங்குக்குப் பழைய சோதனைப் பதிவேடுகளை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். போன காற்றுக்காலம் முடிந்ததிலிருந்து எந்த வடத்தை எவ்வளவு இறுக்கினாய் என்று மாதவாரியாக எழுதி அனுப்பு. சும்மா தெரிந்துகொள்ளத்தான். இங்கே வானம் தெளிவாக இருக்கிறது. காலையில் மட்டும் கொஞ்சம் பனி.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

—

மிதவை மேடை
மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் பதினான்கு, வடம் எட்டு, எல்லாம் நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

ஊரில் அக்காமார்கள் தங்கை இளைத்துவிட்டாளா என்று கேட்பார்கள். நீ வடம் நீண்டுவிட்டதா என்று கேட்கிறாய்! சரி, கேட்டுவிட்டாய், தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால் ஏழு வடங்கள் கொஞ்சம் கொஞ்சம். மூன்றாம் வடம் மட்டும் ஜனவரியில் ஒரு சாண், பிப்ரவரியில் ஒன்றரைச் சாண். முதல் காற்றுக்காலத்துக்குப் பிறகு நீளம் கூடாது என்று உன் அறிக்கையில் இருக்கிறதே என்று தலைவரிடம் கேட்டேன். "வடம்னா நீளத்தாம்மா செய்யும், கம்பியா அது?" என்றார். மனுஷர் சொல்வதும் சரிதானே?

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்கு உடம்புக்கு ஏதாவதா? போன கடிதத்தில் உன் எழுத்து முத்து முத்தாக இருந்தது. நீ எதையாவது மறைக்கும்போதுதான் எழுத்து அப்படி அழகாகும். போதாததற்கு வானிலை வேறு எழுதியிருந்தாய்.

உன் வாலு

—

ஆய்வு மையம்
மார்ச் 18

என் அருமை வாலுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மாவும் நலம்.

நீ அனுப்பிய தாளுக்கு நன்றி. பழைய சோதனை ஒன்றைத் திரும்பச் செய்து பார்க்கப் போகிறேன். அதற்கு முன் இந்தத் தெருவில் இருபத்திரண்டு வீட்டுப் படி ஏறி இறங்கிவிட்டேன். எங்கள் இழுவைப் பொறியை நீ பார்த்திருக்கிறாய், வடத்தை ஐந்து நொடிக்கு ஒருதரம் இழுத்து விடும் அந்தப் பூதம். அது ஓடினால் பக்கத்து வீட்டு அலமாரியில் கிண்ணமெல்லாம் ஆடும். அதனால் தெருக்காரர்களோடு எங்களுக்குப் பழைய ஒப்பந்தம்: வாரத்தில் ஐந்து நாள் இராப்பகலாக ஓட்டிக்கொள்ளலாம், சனி ஞாயிறு நிறுத்திவிட வேண்டும். இந்த முறை அறுபது நாள் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும் என்று கேட்டேன்.

இருபத்தொரு வீடு சம்மதித்தது. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் மட்டும் கதவைப் பாதிதான் திறந்தார். "எனக்கு இருக்கிறதே ஒரு ஞாயித்துக்கிழமை. அதையும் எடுத்துக்கிட்டா நான் எங்கம்மா போவேன்?" என்று கேட்டார். உள்ளே உட்கார்ந்து ஒரு மணி நேரம் அவரிடம் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "ஓட்டு. நான் பஞ்சு வெச்சுக்கறேன்" என்றார்.

நாளை மறுநாள் பொறி ஓட ஆரம்பிக்கும். மே மாதம் உனக்கு விடுப்பு உண்டல்லவா? அவசியம் எடுத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

—

மிதவை மேடை
ஏப்ரல் 1

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் எல்லாமும் நலம். அங்கே நலமா என்று கேட்க பயமாக இருக்கிறது.

முன்பின் தெரியாத டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னாயாம். கூடப்பிறந்தவளுக்கு மட்டும் அறுபது நாள், இருபத்திரண்டு வீடு என்று கணக்குச் சொல்கிறாய். நான் என்ன உன் தெருவில் இருபத்து மூன்றாவது வீடா? எழுத்து இன்னும் முத்தாகத்தான் இருக்கிறது.

மே மாதம் வர மாட்டேன். ஜூனில் காற்று ஆரம்பிக்கும், அதற்குள் வின்ச் எல்லாவற்றுக்கும் மசகு போட்டு முடிக்க வேண்டும். மூன்றாம் வடம் மார்ச்சில் இரண்டு சாண்.

என்ன என்று எழுது.

வாலு

—

ஆய்வு மையம்
ஏப்ரல் 14

என் கண்ணே,

அம்மா நலம். அவளுக்கு இன்னும் தெரியாது.

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நான் கொடுத்த சான்றிதழ் தவறு.

இரண்டு வருஷத்துக்கு முன் உங்கள் வடத்தின் மாதிரியைப் பன்னிரண்டு வாரம் சோதித்தேன். பத்து லட்சம் இழுப்பு, அதாவது பத்துக் காற்றுக்காலம். அறுந்துபோகவில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் சனி ஞாயிறு பொறியை நிறுத்தினோம். அந்த இரண்டு நாளும் வடம் சும்மா கிடந்தது. நைலான் சும்மா கிடந்தால் சூடு ஆறி, நீண்டது சுருங்கி, கொஞ்சம் தெம்பு பிடித்துக்கொள்கிறது. திங்கட்கிழமை புதிதாக எழுந்து வேலைக்கு வருகிறது, நம்மைப் போல. கடலில் ஏதடி சனி ஞாயிறு? இத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்தும் அது எனக்கு உறைக்கவில்லை. பிப்ரவரியில் பதிவேட்டைப் புரட்டியபோது வாரா வாரம் "நிறுத்தம், நிறுத்தம்" என்று என் கையாலேயே எழுதியிருந்ததைப் பார்த்தேன்.

இப்போது நிறுத்தாமல் ஓட்டினேன். பதினோராம் நாள் அறுந்தது. என் கண்தான் பொய் சொல்கிறதோ என்று இன்னொரு மாதிரியைப் போட்டேன். பத்தாம் நாள். ஒரு லட்சத்து எண்பதாயிரம் இழுப்புக்கூட முழுசாக இல்லை. உங்கள் வடங்கள் ஒரு காற்றுக்காலத்தைப் பார்த்துவிட்டன. இரண்டாவதைத் தாண்டாது.

இயக்குநரிடம் போனேன். "குழு வந்துட்டுப் போகட்டுமே. ரெண்டு மாசம் பொறுத்தா என்ன கெட்டுப்போகும்?" என்றார். "என் தங்கச்சி கெட்டுப்போவா சார்" என்று சொல்லிவிட்டு வந்து, அன்றைக்கே உங்கள் நிறுவனத்துக்குச் சான்றிதழைத் திரும்பப் பெறும் கடிதத்தை அனுப்பிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது.

நீ அடுத்த படகிலேயே ஏறிவிடு. பதவி போனால் போகட்டும். நான் கையெழுத்துப் போட்ட இடத்தில் நீ நிற்க வேண்டாம்.

அக்கா

—

ஆய்வு மையம்
மே 2

என் அருமை வாலுக்கு,

படகு வந்தது. நீ வரவில்லை, கடிதமும் இல்லை. துறைமுகத்தில் தபால் பையை இரண்டு தரம் உதறிப் பார்க்கச் சொன்னேன்.

கோபமா? கோபம் என்றால் திட்டியாவது எழுது. நியாயமான திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

இங்கே என் கையெழுத்து உரிமையை எடுத்துவிட்டார்கள். இனி நான் சோதிக்கலாம், சான்று தர முடியாது. உங்கள் நிறுவனத்திலிருந்து "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. கல்லில் நார் உரிக்கிற வேலைதான், உரித்துத்தான் ஆக வேண்டும். அறுந்த வடத்தின் ஒரு முழத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு நாளை அவர்கள் அலுவலகத்துக்குப் போகிறேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "போய் அந்தாளு மேஜையில வெச்சிட்டு வா" என்றாள்.

அக்கா

—

ஆய்வு மையம்
மே 15

வாலு,

இரண்டாவது படகும் வெறும் பையோடு வந்தது.

வடத்துண்டை மேஜையில் வைத்தேன். முதல் நாள் பார்க்கக்கூட முடியாது என்றார்கள். நான்காம் நாள் தலைமைப் பொறியாளர் அதைக் கையில் எடுத்து, அறுந்த நுனியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தார். புதிய வடங்களுக்கு ஆணை கொடுத்துவிட்டார்கள். செய்து, கப்பலேற்றி, மேடைக்கு வர ஜூலைக் கடைசி ஆகும். காற்று அதற்கு முன்பே வந்துவிடும்.

குழு வந்தபோதும் அதே துண்டை வைத்து நடந்ததைச் சொன்னேன். இயக்குநர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நீ உயிரோடு இருக்கிறாய் என்று படகுக்காரர் சொன்னார். அதைப் படகுக்காரர் வாயால் கேட்க வேண்டியதாகிவிட்டது எனக்கு.

அக்கா

—

மிதவை மேடை
மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

பதினான்கு பேரும் நலம். எட்டு வடங்களும் நலம். உன்னைக் காயப்போட்டதற்கு மன்னிப்பு.

முதல் படகுக்குக் கோபத்தில் எழுதவில்லை. பிப்ரவரியில் உனக்குத் தெரிந்தது எனக்கு ஏப்ரலில் தெரிய வேண்டுமா? இரண்டு மாதம் அந்தக் காகிதத்துக்கு வணக்கம் போட்டேனே, அக்கா! கண்ணாடியோடு கழற்றி, உட்காரும் வாங்குக்குக் கீழே தள்ளிவிட்டேன். பிறகு சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் உட்காரவைத்து உன் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். தலைவர் நம்பவில்லை. "உங்கக்கா அங்க பொறியில பார்க்கிறா, நான் இங்க கடல்ல பார்க்கிறேன்" என்றார். மூன்றாம் வடத்தின் தாளை அவர் முன்னால் விரித்தேன். அவர் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தார்.

இரண்டாவது படகுக்கு எழுத நேரம் இல்லை. காரணம் நீதான். சும்மா கிடந்தால் வடம் தெம்பு பிடிக்கும் என்று எழுதியிருந்தாயே, அது மண்டையில் சுற்றிக்கொண்டே இருந்தது. கடலுக்குத்தானே ஞாயிற்றுக்கிழமை இல்லை, வின்ச் என் கையில் இருக்கிறதே! வடத்துக்கு நான் கொடுக்கிறேன் விடுமுறை. எட்டில் ஒன்றைத் தளர்த்திவிட்டால் மற்ற ஏழும் பிடித்துக்கொள்ளும். மறுநாள் அடுத்தது. மூன்றாம் வடத்துக்கு முதல் முறை கொடுத்தோம். இருபத்து நாலு மணி நேரத்தில் அரைச் சாண் சுருங்கியது. சமையல்காரர் கரியால் கோடு போட்டு அளந்தார். தலைவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

ஆனால் நாங்கள் குருட்டாம்போக்கில் செய்கிறோம். ஒன்றுக்கு ஒரு நாள் போதுமா? இரண்டிரண்டாக விடலாமா? எந்த அலைக்கு மேல் விடக்கூடாது? அது உனக்குத்தான் தெரியும். சனி ஞாயிறு நிறுத்திய அந்தப் பழைய பதிவேடு உன்னிடம் இருக்கிறதே, உலகத்தில் வேறு யாரிடம் இருக்கிறது? தப்பு என்று தூக்கி எறிந்துவிடாதே.

உன் வாலு

—

ஆய்வு மையம்
ஜூன் 10

என் அருமை வாலுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தைத் துறைமுகத்திலேயே நின்று படித்தேன். திட்டவும் தோன்றவில்லை, அழவும் தோன்றவில்லை. நேரே பொறிக்குப் போய்விட்டேன்.

நாம் இரண்டு பேரும் முட்டாள்கள். நான் ஓய்வைக் கண்டுபிடித்துவிட்டு அதைக் குற்றம் என்று மட்டும் நினைத்தேன். நீ என்னை ஒரு வார்த்தை கேட்காமல், கிடைத்ததை வைத்துப் பிழைக்கப் பார்த்தாய். பன்னிரண்டு நாளாக, ஏழு நாள் இழுத்து ஒரு நாள் விட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய மாதிரிகள் அறுந்த நாள் தாண்டிவிட்டது. இன்னும் தாங்குகிறது. பொறி ஓய்ந்த அன்றைக்கு டீச்சர் பஞ்சைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தார், "என்னாச்சு, அறுந்துபோச்சா?" என்று.

ஆகவே கேள். ஒருநேரத்தில் ஒரே வடம். இரண்டு கூடவே கூடாது, ஆறால் எட்டின் பாரத்தைச் சுமக்க முடியாது. ஒன்றுக்கு ஒரு முழு நாள், அதற்குக் குறைத்தால் பயன் இல்லை. அலை ஆளுயரத்தைத் தாண்டினால் எட்டையும் பிடித்துவிடு. மூன்றாம் வடத்துக்கு முடிந்தபோதெல்லாம் முறை மாற்றிக் கூடுதலாக ஒரு நாள் கொடு. அது ஏற்கனவே களைத்துவிட்டது. புயலில் அது போனாலும் போகும். போனால் மற்ற ஏழும் தெம்போடு இருக்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும்.

இதைச் சான்றாக எழுதித்தர எனக்கு உரிமை இல்லை. அக்காவாக எழுதுகிறேன்.

இறங்கிவிடு என்று இனி எழுத மாட்டேன். நீ இறங்கினால் அந்த வின்ச்சை யார் பார்ப்பார்கள் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் இந்த வரியை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

அக்கா

—

மிதவை மேடை
ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

பதினான்கு பேரும் நலம். வடங்கள் ஏழு.

ஜூன் படகு பழுது, ஜூலைப் படகு கடலில் இறங்கவே இல்லை, அதனால்தான் மௌனம். இந்த முறை கோபம் இல்லை, சத்தியமாக. ஜூன் கடைசிவரை நீ சொன்னபடி முறை வைத்து ஓய்வு கொடுத்தோம். சாப்பாட்டு அறைப் பலகையில் "இன்று யாருக்கு ஞாயிறு?" என்று சமையல்காரர் தினமும் எழுதுவார். எட்டுக்கும் இரண்டு சுற்றுக்கு மேல் கிடைத்தது, மூன்றாமவருக்கு ஐந்து தடவை.

ஜூலை நான்காம் தேதி காற்று பிடித்தது. எட்டையும் இறுக்கினோம். மூன்று நாள் விடவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் மூன்றாம் வடம் அறுந்தது. வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம், மேடை ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பி வந்தது. நான் நான்காம் வின்ச் பக்கத்தில் இருந்தேன். மற்ற ஏழும் போகும் என்று நினைத்தேன். அம்மாவை நினைத்தேன். உன்னைத் திட்டவில்லை, அதை எழுதிவிட வேண்டும். ஏழும் நின்றன. மூன்றாம் நாள் சாயங்காலம் காற்று இறங்கியபோது தலைவர் ஒவ்வொரு வடத்திடமும் போய்க் கையால் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தார்.

ஒன்றை உனக்கு எழுதாமல் வைத்திருந்தேன். ஏப்ரல் கடைசியில், உன் கடிதத்துக்கு அடுத்து வந்த படகில் தலைவர் என்னை ஏறச் சொன்னார். ஒரு காலைப் படகில் வைத்துவிட்டேன். பிறகு எடுத்துவிட்டேன். உன்னை மாதிரியே நானும் மறைத்தேன், கணக்குச் சரியாகிவிட்டது.

புதிய வடங்கள் நேற்று கப்பலில் வந்தன. கூடவே புதிய சான்றிதழ், உங்கள் இயக்குநர் கையெழுத்தோடு. நிறுத்தாமல் சோதித்ததாக அதில் எழுதியிருக்கிறது. சோதித்தது யார் என்று எனக்குத் தெரியாதா? மாட்டச் சொல்லித் தலைவர் என்னிடம் கொடுத்தார். வாங்குக்குக் கீழே கிடந்த பழைய கண்ணாடியை எடுத்துத் துடைத்தேன். புதிய சான்றிதழைக் கோப்பில் வைத்துவிட்டேன். சட்டத்துக்கு அது போதும்.

கண்ணாடிக்குள் நீ ஏப்ரலில் அனுப்பிய நகலை வைத்து மாட்டினேன். "நான் அளித்த சான்றிதழ் தவறானது. அதைத் திரும்பப் பெறுகிறேன்." பதினான்கு பேரில் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. தலைவர் மட்டும் கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்று கண்ணாடிச் சட்டத்தை நேராக்கினார்.

நேற்றைய கப்பலில் வந்த புதிய ஆள் ஒருவர், இன்று காலை தட்டோடு நின்று அதை இரண்டு முறை படித்துவிட்டு, "என்னங்க இது, இதைப் போயா மாட்டி வெச்சிருக்கீங்க? யாரு கையெழுத்து இது?" என்று கேட்டார்.

"எங்கக்கா" என்றேன். வணக்கம் வைத்துவிட்டுத் தட்டை எடுத்தேன்.

உன் வாலு,
வடப் பொறுப்பாளர்